மச்சானின் தாடியும் ஒரு குடுவைப் பாகும்

ஃபுளோரின்காரர் என்றுதான் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட இப்போது ஆள் இல்லை என்பது வேறு விஷயம். மூன்றாவது மாடி ரசாயனக்காரர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போக, அந்த நீள அறையில் மிஞ்சியது அவரும், ஓயாமல் குறட்டை விடும் ஒரு வெற்றிடப் பம்பும்தான். வீட்டில் அந்தப் பம்பும் கிடையாது. மனைவி போன பிறகு அங்கே வாய் திறப்பது தண்ணீர்க் குழாய் மட்டும்.

அவர் பார்ப்பது ஏமாற்று வேலை. உடம்பில் ஒரு நொதி உண்டு. புரதத்தில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டை வெட்டி எறிவது அதன் பிழைப்பு. அது கை மீறி வெட்டினால் இன்சுலின் சொல்வது செல்லின் காதில் ஏறாது, சர்க்கரை நோய்தான். ஃபுளோரின்காரர் என்ன செய்வார் என்றால், ஆக்சிஜன் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கார்பனை வைத்து, அதன் இரண்டு தோளிலும் ஃபுளோரினை ஏற்றி உட்கார்த்திவிடுவார். நொதி அசல் பாஸ்பேட் என்று நம்பிக் கவ்வும். வெட்டவும் முடியாது, விடவும் மனம் வராது. அப்படியே உட்கார்ந்திருக்கும். அதன் நிலைமை அவருக்கு நன்றாகவே புரியும்.

இந்த முறையும் டிரை ஐஸ் தொட்டியில் குடுவையை அமிழ்த்திச் சொட்டுச் சொட்டாக ஊற்றியதெல்லாம் சரியாகவே வந்தது. என்.எம்.ஆர். கருவி வரைந்த கோட்டில் பாஸ்பரஸ் மூன்று முள்ளாகப் பிளந்து, பக்கத்தில் இரண்டு ஃபுளோரின் இருப்பதற்குச் சாட்சி சொல்லிவிட்டது. கடைசிப் படியில்தான் மக்கர். வெள்ளை உப்பாக உறைய வேண்டியது, பாகாகவே நின்றது.

கீழ்மாடி உயிரியல்காரம்மா வந்து குடுவையைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்ன சார், சர்க்கரைப் பாகு காய்ச்சிருக்கீங்க?"

"பொடியா வரும்மா."

"இது காத்துல இருக்கற தண்ணியெல்லாம் குடிக்குது. இதுல மருந்து எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு நான் எப்படி நிறுப்பேன்?" கொஞ்சம் தயங்கினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள பொடி தரலன்னா வெளியில வாங்கிக்கச் சொல்லிட்டாங்க சார். அப்புறம் இந்த ரூம ஸ்டோர் ஆக்கிடுவாங்களாம்."

ஃபுளோரின்காரர் குடுவையின் உட்பக்கத்தைக் கண்ணாடிக் குச்சியால் சுரண்டினார். ஈதர் விட்டார். குளிர்பெட்டியில் வைத்தார், வெயிலில் வைத்தார், கெஞ்சினார். பாகு அசையவில்லை. ஸ்டோர் ஆகிவிட்டால் காலையில் எழுந்து எங்கே போவது என்று யோசித்தபோதுதான் மச்சான் நினைவுக்கு வந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பக்கத்து மேசைக்காரரும் அவரே. பிடிவாதமான பாகில் உறவுக்கார உப்பின் துகள் ஒன்று விழுந்தால் போதும், அதைப் பார்த்து மற்றதெல்லாம் வரிசை கட்டி உறைந்துவிடும். மச்சானின் தாடியிலோ அவர் காலமெல்லாம் செய்த உப்பு அத்தனையும் குடியிருந்தது. குடுவைக்கு மேல் குனிந்து தாடியைச் சொறிவார், வேலை முடிந்துவிடும். ஒருமுறை கேன்டீனில் தும்மினார். நாலு மேசை தள்ளி இருந்தவரின் தேநீரில் கரைந்திருந்த சர்க்கரை மறுபடி கட்டியாகிவிட்டது. அந்த மனிதர் அன்றிலிருந்து டீயில் சர்க்கரை போதவில்லை என்றே சொல்லிக்கொண்டு அலைகிறார்.

ஓய்வு பெற்ற மச்சான் இப்போது ஒரு பகல் முழுக்க ரயிலில் போகவேண்டிய தூரத்தில், மகன் வீட்டில் இருக்கிறார். ஃபுளோரின்காரர் போன் போட்டார்.

"மச்சான், உங்க தாடி கொஞ்சம் வேணும்."

"அதை எடுத்துட்டேன் மாப்ள. பேத்திக்குக் குத்துதாம்."

"கேக்காம கொள்ளாம எடுத்துட்டீங்களா?"

"என் மூஞ்சிய நான் சிரைக்க உங்ககிட்ட மனுப் போடணுமா? கதவுக்குப் பின்னாடி என் பழைய கோட்டு தொங்குதா பாருங்க. காலர்ல ஏதாவது இருக்கும். உதறிட்டுச் சொல்லுங்க. என்னால வேற என்ன ஆகப்போகுது இனிமே."

கோட்டு தொங்கியது. சலவைக்கு அனுப்ப ஃபுளோரின்காரருக்குத்தான் மனம் வந்திருக்கவில்லை. காலரைக் குடுவையின் வாய்க்கு மேல் பிடித்து ஒரு தட்டு தட்டினார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று விழுந்தது. பாகின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. அதிலிருந்து ஊசி ஊசியாக நாலு பக்கமும் ஓடி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடுவை முழுக்க வெளுத்தது. உறையும்போது சூடு வரும். குடுவை அவர் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. யாராவது அவர் கையைப் பிடித்து வெகு காலம் ஆகிவிட்டது. ஆறும் வரை கீழே வைக்கவில்லை.

பிறகு திரும்பிப் பார்த்தார். பக்கத்து மேசை காலி. பம்பு குறட்டை விட்டது.

போன் அடித்தது.

"என்ன மாப்ள, ஆச்சா?"

கையிலிருந்த வெள்ளை வெளேரென்ற உப்பை ஃபுளோரின்காரர் பார்த்தார்.

"பாகாவேதான் இருக்கு மச்சான்."

"உதறுனீங்களா?"

"உதறுனேன். உங்க கோட்டுக்கும் சுரணை போயிடுச்சு."

"அப்ப நேர்லதான் வரணும் போல" என்றார் மச்சான். குரலில் ஒரு நிமிர்வு வந்திருந்தது. "ஆனா தாடி?"

"வளத்துக்கிட்டு வாங்க. வீட்ல ஒரு கட்டில் சும்மாதான் கெடக்கு."

வெள்ளிக்கிழமை உயிரியல்காரம்மாவிடம் பொடி போய்ச் சேர்ந்தது. அறை பிழைத்தது. ஃபுளோரின்காரருக்கோ புதுச் சங்கடம். மச்சானுக்குக் காட்ட ஒரு பாகு வேண்டும். ஆனால் ஒரு தடவை உறைந்த உப்பு அறையெங்கும் காற்றில் பரவிவிடும். அதன் பிறகு அங்கே புதிதாகப் பாகு செய்து எந்தக் குடுவையைத் திறந்தாலும் உறைந்தது. வாழ்நாளெல்லாம் படிகம் வரவில்லையே என்று தவித்த மனிதர், வந்துவிடுகிறதே என்று தரையைத் துடைத்தார், சுவரைத் துடைத்தார், தலைக்குக் குளித்தார். கடைசியில் ஒரு குடுவையில் கொஞ்சம் பாகை அது உறையும் முன்பே இறுக மூடி, வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவியின் சமையலறை அலமாரியில் வைத்தார். சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாக அதைச் சாய்த்துப் பார்ப்பார். மெல்லச் சரியும். நிம்மதியாகும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டார்.

"குத்த ஆரம்பிச்சிருச்சா மச்சான்?"

"இன்னும் இல்ல மாப்ள. பூனை முடி மாதிரி மெத்துன்னு இருக்கு. பேத்தி தடவித் தடவிப் பாக்கறா. அங்க அவசரமா?"

ஃபுளோரின்காரர் அலமாரியை எட்டிப் பார்த்தார்.

"அவசரமெல்லாம் இல்ல" என்றார். "நல்லா வளரட்டும்."