விளம்பரம் வராத நேரம்

இருதயராஜ் தன் மகளை "மேடம்" என்று கூப்பிட்டார். "வாங்க மேடம், வழி ஈசியா கெடச்சிதா?" என்று கேட்டுவிட்டு, வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நிகழ்ச்சி அதிகாரிக்கும் கேமராமேனுக்கும் போட்ட அதே கும்பிட்டை அவளுக்கும் போட்டார். மெர்சிக்கு வாய் வரைக்கும் வந்த "அப்பா" அங்கேயே நின்றுவிட்டது. இப்படிக் கூப்பிடு என்று அவள் சொல்லவில்லை. "ஆபீஸ்காரங்க வருவாங்கப்பா, நான் அவங்க கூடவேதான் நிப்பேன்" என்று முதல் நாள் போனில் சொன்னாள், அவ்வளவுதான். மீதியை அவரே புரிந்துகொண்டார். முதலாளியின் கார் தோல் பதனிடுகிற ஷாப்புக்குள் நுழைந்தால் எங்கே ஒதுங்கவேண்டும், யாரைத் தெரியாத மாதிரி இருக்கவேண்டும் என்று பழகிய உடம்பு அது.

ஆம்பூரில் அவர்கள் காலனிக்குப் பின்னால், சர்ச்சை ஒட்டிய காலி இடத்தில் ஷூட்டிங். பேண்டு செட் ஆட்கள் சிவப்புக் கோட்டு போட்டு வரிசையாக நின்றார்கள். எல்லோரும் பகலில் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறவர்கள். கல்யாணம், சாவு, சர்ச் திருவிழா என்று எது வந்தாலும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். இருதயராஜ் டிரம்பெட். கிளாரினெட் வாசிக்கிற கலீமுல்லாவும் அவரும் ஒரே நாளில் ஷாப்பில் சேர்ந்தவர்கள். பாலாறு பக்கமிருந்து காற்று திரும்பியபோது சுண்ணாம்பும் பச்சைத்தோலும் சேர்ந்த நாற்றம் அடித்தது. கேமராமேன் கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து மெர்சியும் துப்பட்டாவை மூக்குக்குக் கொண்டுபோனாள். பிறந்ததிலிருந்து மூச்சாக இழுத்த நாற்றம்தான். கையைக் கீழே இறக்கியபோது, வீட்டு ஜன்னலில் அம்மா அன்னம்மாள் நின்று பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

கேமராமேன் அவள் அப்பாவின் முகத்தை வ்யூ ஃபைண்டரில் பார்த்துவிட்டு, "மேடம், இவரு மூக்கு அப்படியே உங்க மூக்கு" என்றான். மெர்சி சிரித்தாள். இருதயராஜ் டிரம்பெட்டைத் துடைக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

பேண்டு செட்டைப் பற்றிய யோசனையைச் சொன்னதே அவள்தான். சென்னையில், அரசுத் தொலைக்காட்சியில் ஒப்பந்த வேலை. படத்தொகுப்பு, புரோமோ வெட்டுவது, ஆள் இல்லாவிட்டால் பின்னணிக் குரல். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நிகழ்ச்சி அட்டவணை போடுவார்கள். ஞாயிறு காலை கச்சேரிக்கும் பரதநாட்டியத்துக்கும் என்று எழுதிவைத்தாயிற்று. யார் அதிகாரியாக வந்தாலும் அதில் கைவைக்கமாட்டார்கள். நாட்டுப்புறக் கலைக்கு வியாழக்கிழமை விடியற்காலை ஐந்தரை. ஏன் சார் அந்த நேரம் என்று ஒருதரம் கேட்டாள். "கிராமத்துல அந்நேரம்தான மெர்சி எழுந்திருப்பாங்க, கரெக்டான ஆடியன்ஸ்" என்றார் அதிகாரி. அந்த நேரத்தில் கிராமத்து ஆட்கள் கம்பெனி வேனுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்.

"டிரம்பெட் எப்படிம்மா நாட்டுப்புறமாகும்?" என்றுதான் அதிகாரி முதலில் இழுத்தார். "ஆம்பூர்னா பிரியாணிதான், மியூசிக்கெல்லாமா இருக்கு?" பிறகு அந்த மாதம் வேறு எதுவும் கைவசம் இல்லாததால், "சரி, வேற எந்தக் கணக்குலயும் வராது. அந்த ஐந்தரையிலயே போடு" என்றார். ஆட்களை எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு மெர்சி, "தெரிஞ்சவங்க மூலமா" என்றாள்.

நிகழ்ச்சி ஒரே ஒரு தடவைதான் வரும், அதுவும் விடியற்காலை. ஆனால் புரோமோ அப்படியில்லை. அரசுத் தொலைக்காட்சிக்கு விளம்பரம் அதிகம் வராது. செய்திக்கும் வானிலைக்கும் நடுவில், வானிலைக்கும் தொடருக்கும் நடுவில், விளம்பரம் வரவேண்டிய ஓட்டையையெல்லாம் புரோமோவை வைத்துத்தான் அடைப்பார்கள். நிகழ்ச்சியைப் பார்க்காதவனும் புரோமோவை மனப்பாடமாகச் சொல்லுவான். அதனால் மெர்சி உயிரைக் கொடுத்து வெட்டினாள். கன்னம் இரண்டும் உப்பி, கண் மூடி, கழுத்து நரம்பு புடைக்க அப்பா ஊதுகிற முகம். அதன்மேல் அவள் குரல்: "கல்யாணம் முதல் கடைசி ஊர்வலம் வரை, ஊரோடு நடக்கும் ஓர் இசை." கீழே அவர் பெயர். கடைசியில், "வியாழன் காலை ஐந்தரை மணிக்கு, காணத் தவறாதீர்கள்." ஹெட்போனைக் கழற்றியபோது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அந்த மூஞ்சியை மாநிலம் முழுக்கப் பார்க்கும் என்று நினைத்தாள். தான் யாரென்று ஆபீஸில் சொல்லாமல் விட்டதற்கு இதுவே பதில் என்றும் நினைத்துக்கொண்டாள்.

புரோமோ ஓட ஆரம்பித்த மறுநாள் மத்தியானம் அக்கா ஷர்மிளா கூப்பிட்டாள். ஷர்மிளாவும் அவள் புருஷன் ராஜேஷும் காட்பாடியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். எட்டு இடத்தில் "நீங்க என்ன ஆளுங்க" என்ற கேள்வியில் திரும்பி வந்தபிறகு கிடைத்த வீடு. இயேசு படம் பீரோவுக்குள்தான் இருக்கும். அப்பாவை, கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கு "ராஜ் சார், ஷூ கம்பெனி சூப்பர்வைசர்" என்று அறிமுகம் செய்து வைத்திருக்கிறாள்.

"மெர்சி, அந்த விளம்பரத்த நிறுத்து."

"இன்னாக்கா ஆச்சு?"

"கீழூட்டு அம்மா நாள் முழுக்க உங்க டிவிதான் பாக்குது. துணி காயப்போட போனேன். 'ஷர்மிளா, டிவில ஒருத்தர் ஊதறாரு, அச்சு அசல் உங்கப்பா மாதிரியே இருக்காரு. இருதயராஜ்னு பேரு போடறாங்க. சாவுக்கெல்லாம் வாசிக்கிறவங்களாமே'ன்னு கேக்குது. சிரிச்சிக்கினே கேக்குது மெர்சி. அப்படி சிரிச்சிக்கினே கேட்டவங்கதான் முன்ன இருந்த ஊட்டுலயும் காலி பண்ணச் சொன்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேரு இருப்பாங்கன்னேன். வேற இன்னா சொல்றது?"

"அப்பாவ ஒரு தடவ டிவில காட்டறதுக்கு..."

"ஒரு தடவயா? மணிக்கொரு தடவ காட்டற. நீ அவரப் பெருமப்படுத்தறியா, என்னத் தெருவுல நிறுத்தறியா?"

மெர்சிக்குக் கோபம் வந்தது. "பெத்த அப்பன இல்லன்னு சொல்லிட்டு வாழணுமாக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

பிறகு ஷர்மிளா மெதுவாகக் கேட்டாள். "உன் ஆபீஸ்ல சொல்லிட்டியா, அவரு உங்கப்பான்னு? சொல்லிட்டன்னா சொல்லு. நானும் கீழ எறங்கிப் போயி அந்தம்மாகிட்ட சொல்லிட்றேன்."

மெர்சி மேஜைமேல் கிடந்த ஹெட்போன் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள். ஷர்மிளா திட்டவில்லை, போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

நிகழ்ச்சிக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. புதன்கிழமை காலை மெர்சி அதிகாரியிடம் போய், "சார், அந்த முகத்துல போகஸ் கொஞ்சம் அடிவாங்குது, வேற ஷாட் வெச்சு வெட்டிடட்டுமா?" என்றாள். வாய் கூசவில்லை, சரளமாகவே வந்தது. எடிட் அறையில் உட்கார்ந்து அப்பாவின் முகத்தைத் துண்டு துண்டாக எடுத்தாள். பெயரையும் எடுத்தாள். பக்கத்தில் நிற்கிற கலீமுல்லாவும் போனார். கடைசியில் மிஞ்சியது டிரம்பெட்டின் மேல் ஓடுகிற ஒரு வலது கை. திரை முழுக்க கை. ஷாப்பில் தோல் ஊறுகிற குரோம் தண்ணீரில் வெந்து நீலம் பாரித்த நகங்கள். மோதிர விரல் பாதிதான். தோலைச் சீவுகிற ஷேவிங் மெஷின் கொண்டுபோனது. மிச்ச விரலுக்கு மூன்றாவது பட்டன் எட்டாது என்று, ஷூ அடித்தோலில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, சொல்யூஷன் போட்டு பட்டன்மேல் ஒட்டிவைத்திருக்கிறார். அந்தத் தோல்துண்டின்மேல் குட்டை விரல் ஏறி ஏறி இறங்கியது.

அதிகாரி பார்த்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்தார். "இதும்மா புரோமோ! மூஞ்சிய எவன் பாக்கறான்? கை பேசுது பாரு. உழைக்கிற கை. இதையே எல்லா இடத்துலயும் போடச் சொல்றேன்." பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களும் பாராட்டினார்கள். மெர்சி, "தேங்க்ஸ் சார்" என்றாள்.

சனிக்கிழமை சாயந்திரம் ரயிலில் ஆம்பூரில் இறங்கி வீட்டுக்குப் போனபோது வாசலில் செருப்பாகக் கிடந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. இருதயராஜ் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் துண்டோடு கீழே உட்கார்ந்திருந்தார். கலீமுல்லா தன் சம்பந்தி நிசார் அஹமதுவைப் பேரணாம்பட்டிலிருந்து கூட்டி வந்திருந்தார். சைட் டிரம் அந்தோணி கதவுமேல் சாய்ந்து நின்றான்.

"வாம்மா டிவி ஸ்டேஷன்" என்றார் கலீமுல்லா. "சம்பந்திக்கு உங்கப்பன் மூஞ்சியக் காட்டலாம்னு கூட்டியாந்தா, வெறும் கையவே காட்டிக்கினு கீறாங்க. மொதல்ல போட்டதுல என் மொழங்கையாவது வரும். அதுவும் போச்சு. எங்க பேகம் அந்த மொழங்கைக்கே சேமியா பாயசம் வெச்சா, தெரியுமா?"

"ரெண்டு விதமா போடறாங்கடா" என்றார் இருதயராஜ். "கை ஒண்ணு, மூஞ்சி ஒண்ணு. மாத்தி மாத்தி வரும். நாங்க மூணு நாளா கவனிச்சிக்கினுதான் இருக்கோம், மூஞ்சி வர்ற டைம்தான் மாட்ட மாட்டுது. கேட்டுடலாம், இவளே வந்துட்டா." மகளைப் பார்த்துத் திரும்பினார். முகத்தில் குழந்தை மாதிரி ஒரு ஆர்வம். "மூஞ்சி வர்றது எப்ப போடறாங்க மெர்சி?"

மெர்சி பையை மூலையில் வைத்தாள். பையின் ஜிப்பைச் சரிசெய்தாள். "இனிமே இதான்ப்பா. மேல மாத்திட்டாங்க."

"ஏம்மா, மூஞ்சி நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் நிசார் அஹமது.

"டெக்னிக்கல் பிராப்ளம்."

இருதயராஜ் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "டெக்னிக்கலாம்ப்பா" என்று மற்றவர்களிடம் ஏதோ தானே மெஷினைக் கழற்றிப் பார்த்தவர் மாதிரி சொன்னார். "அது வந்தா ஒண்ணும் பண்ண முடியாது. விடு. வர்ற வியாழக்கெழம முழுசாவே வரப்போவுது."

"வியாழக்கெழம அஞ்சரைக்கு நான் ஷாப்புல தோல் ஒதறிக்கினு இருப்பேன், எங்க பாக்கறது?" என்று அந்தோணி சிரித்தான். அன்னம்மாள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கலீமுல்லா செருப்பை மாட்டிக்கொண்டே, "பேஜாராயிடாத தோஸ்த்து. மூஞ்சி போனா போவுது, கை நம்முளுதுதான்" என்றார்.

அவர்கள் தெரு திரும்பும் வரைக்கும் இருதயராஜ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்னம்மாள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். டிவியில் ஒரு பெண் வானிலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஷர்மி பேசினாளா உங்கிட்ட?"

மெர்சி தரையைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அதுதான் அவளுடைய ஆமாம்.

"நெனச்சேன். கீழூட்டம்மா டிவி பாக்குமில்ல." அவர் குரலில் கோபம் இல்லை. கோபத்தைத்தான் அவள் எதிர்பார்த்து, ரயிலில் அதற்குப் பதிலெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருந்தாள். "நீ நல்லாத்தான் பண்ணிக்கீற. ஆனா மெர்சி, கையும் தெரியுதே."

"இன்னாப்பா?"

"அன்னிக்கு ஷர்மி ஊட்டுக்கு அரிசி மூட்ட எடுத்துக்கினு போனேன் பாரு. எறக்கி வெச்சப்ப அந்தம்மா என் கையப் பாத்துட்டு, 'இன்னா சார் வெரலு'ன்னு கேட்டுச்சு. ஷர்மி முந்திக்கினு பைக் செயின்ல மாட்டிக்கிச்சுன்னா. நானும் ஆமான்னுட்டேன்." கொஞ்சம் நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து, பின்பக்கத்துக்குக் கேட்காத குரலில் சொன்னார். திருட்டில் கூட்டாளியிடம் பேசுகிற மாதிரி இருந்தது. "இவ்ளோ பெருசா வெரலக் காட்டுனா கண்டுபுடிச்சிடும். வெறும் டிரம்பெட்ட மட்டும் காட்ட முடியாதா? வாயி பக்கம், அகலமா பளபளன்னு இருக்கும் பாரு, அந்த எடம். ஆளே வராம. உங்க சார் ஒத்துக்குவாரா? கேட்டுப் பாக்கறியா?"

சாருக்கு அந்தக் கை மிகவும் பிடித்துவிட்டது என்றும், அதை எல்லா இடத்திலும் போடச் சொல்லியிருக்கிறார் என்றும், அதற்காக எல்லோரும் தன்னைப் பாராட்டினார்கள் என்றும் எப்படிச் சொல்வது? இது எங்கப்பா கை சார் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், ஒருவேளை எடுத்துவிடுவார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்லும் தன் வாயை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

"கேக்கறேன்ப்பா" என்றாள்.

வானிலை முடிந்தது. விளம்பரம் எதுவும் இல்லை. திரை ஒரு நொடி கறுத்து, டிரம்பெட் சத்தம் எழுந்தது. கல்யாணம் முதல் கடைசி ஊர்வலம் வரை என்று மெர்சியின் குரல் அந்தச் சின்ன வீட்டுக்குள் கணீரென்று கேட்டது. நீல நகங்களோடு கை திரையை அடைத்துக்கொண்டு நின்றது. ரிமோட் அவள் காலடியில்தான் கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

இருதயராஜ் டிவியைப் பார்க்கவில்லை. கதவு திறந்திருந்தது; தெருவில் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் போட்டு, வலது கையை அதற்குள் செருகிக்கொண்டார். காணத் தவறாதீர்கள் என்று மகளின் குரல் சொல்லி முடிக்கிற வரைக்கும், துண்டுக்கு அடியில் மூன்று இடங்கள் மாறி மாறி எழுந்து அடங்கின. மூன்றாவது மட்டும் கொஞ்சம் குட்டையாக.