திருச்சியில் வாய்ப்பில்லை

“திருச்சி வட்டாரம். விற்பனைக்கு வாய்ப்பில்லை. அவ்வளவுதாம்மா, புள்ளி வை” என்றார் சேஷகிரி சார்.

நான் புள்ளி வைக்கவில்லை. டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

எண்பத்தைந்து நவம்பர். மேலப்புதூரில் என் அண்ணன் விக்டரின் ரேடியோ கடை. ஒன்பது வருஷமாக அங்கே கல்லாவில் உட்காருவது நான், கம்பெனிகளுக்குக் கடிதம் அடிப்பது நான், சண்டைக்கு வருகிற வாடிக்கையாளரைச் சமாளிப்பதும் நான். போர்டில் மட்டும் அண்ணன் பேர். சேஷகிரி சார் மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் விற்பனை மேனேஜர். அவர்கள் புதிதாக ஒரு டிவி கேம் பெட்டி செய்திருந்தார்கள். ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு இதைச் சொருகினால், திரையில் இரண்டு வெள்ளைக் கட்டையும் ஒரு பந்தும் வரும். ஆளுக்கொரு குமிழைத் திருகி ஆட வேண்டும். ஊர் ஊராகப் போய், எங்கே விற்கும் எங்கே விற்காது என்று அறிக்கை எழுதுவது அவர் வேலை. திருச்சிக்கு வந்தார், நாலு கடையில் காபி குடித்தார், அறிக்கையை என்னிடம் டைப் அடிக்கச் சொல்லிவிட்டார்.

“என்னம்மா நிறுத்திட்டே?”

“நீங்க யாருகிட்ட சார் விசாரிச்சீங்க? ஒரு வீட்டுக்காவது போனீங்களா?”

“அமலம், வாயை மூடு” என்றான் அண்ணன்.

மூடுவேனா? எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “பத்துப் பெட்டி வச்சிட்டுப் போங்க. வருஷம் முடியறதுக்குள்ள வித்துக் காட்டறேன். வித்துட்டா திருச்சி ஏஜென்சி என் பேருக்கு வேணும். அமலராணிங்கிற பேருக்கு.”

அவர் சிரித்தார். ஆனாலும் பத்துப் பெட்டியை இறக்கிவிட்டுத்தான் போனார். என்னிடமிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்திருக்கும்.

அப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே! பாலக்கரை, கண்டோன்மென்ட், புத்தூர் என்று ஒரு தெரு விடவில்லை. பிள்ளைகள் இருக்கிற வீடாகப் பார்த்துப் போனேன். “பரீட்சை வருதும்மா” என்றார்கள். “பிக்சர் ட்யூப் எரிஞ்சுடுமாமே” என்றார்கள். ஒரு வீட்டில் டிவிப் பெட்டிக்குக் கதவு, கதவுக்குப் பூட்டு, சாவி அப்பாவின் அரைஞாணில். ஆறு வாரத்தில் விற்றது இரண்டே இரண்டு. ஒன்று பல் டாக்டருக்கு, இன்னொன்று லால்குடி ரைஸ்மில்காரருக்கு.

“போதும்டி, உடம்பைக் கெடுத்துக்காதே” என்றான் அண்ணன். அவன் பாவப்பட்டதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒன்பது வருஷம் அடுத்தவர் பேரை டைப் அடித்தாயிற்று. இதையும் விட்டால் கிழவியாகும்வரை அதையேதான் அடிக்க வேண்டும்.

டிசம்பரில் ஸ்ரீரங்கத்து ரங்கநாயகி மாமி ஞாபகத்துக்கு வந்தார். எல்.ஐ.சி. ஆபீசில் வேலை பார்ப்பவர், எங்களிடம்தான் டிவி வாங்கினார். நான் அவரைப் பார்க்கக் கிளம்பிய அன்றைக்கு சொர்க்கவாசல் திறப்பு என்று எனக்குத் தெரியும், அது தெரியாத திருச்சிக்காரர் உண்டா? திருவிழாவும் அதுவுமாக வெறுங்கையோடு போகலாமா என்று, கிறிஸ்துமஸுக்குச் செய்த கேக்கில் பெரிய துண்டாக நாலு வெட்டி டப்பாவில் போட்டுக்கொண்டேன். கூட்டத்துக்காக பஸ்ஸை அம்மா மண்டபத்திலேயே நிறுத்திவிட்டார்கள். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு உத்தர வீதிவரை நடந்தேன்.

மாமி வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் பெருமையாக டப்பாவைத் திறந்து நீட்டினேன்.

ஒருவரும் கை நீட்டவில்லை. ஒரு பெண் மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

“அமலா, இன்னிக்கு ஏகாதசி” என்றார் மாமி மெதுவாக. “ஜலம்கூட எண்ணித்தான் குடிக்கிறோம். இதுல முட்டை வேற இருக்குமே?”

பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது. எங்களுக்குத் திருவிழா என்றால் சாப்பாடு. திருவிழா நாளில் பட்டினி கிடப்பார்கள் என்று என் மரமண்டைக்கு எப்படித் தெரியும்? டப்பாவை மூடிப் பைக்குள் திணித்தேன். கண் நிறைந்துவிட்டது. “தெரியாம செஞ்சுட்டேன் மாமி, மன்னிச்சுக்குங்க” என்று எழுந்தேன்.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். பழைய பரமபத சோபான படம் விரித்திருந்தது. பாம்பு, ஏணி, பக்கத்தில் தாயக்கட்டை.

“இது எதுக்கு மாமி?”

“ராத்திரி பூரா முழிச்சிண்டு இருக்கணுமோன்னோ? டிவியில சீக்கிரமே மூடிடறான். அப்புறம் இதை ஆடித்தான் தூக்கத்தை விரட்டணும். வருஷா வருஷம் ரெண்டு மணிக்கெல்லாம் எல்லாரும் சாஞ்சுடுவா.”

நான் உட்கார்ந்துவிட்டேன். “மாமி, அவன் மூடினாலும் ஓடற சாமான் என்கிட்ட இருக்கு.”

“ட்யூப் போயிடும்னு சொல்றாளே?”

“போனா கடையில இருக்கிற டிவியைத் தூக்கிட்டு வந்து உங்க வீட்டுல வைக்கறேன். இது என் வாக்கு.” கடை என்னுடையதில்லை என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

சொருகிக் காட்டினேன். பந்து டொக், டொக் என்று போய் வந்தது. மூக்கை மூடிய பெண்தான் முதலில் குமிழைப் பிடித்தாள்.

“நாளைக்குக் காலையில வரேன். பிடிக்கலைன்னா எடுத்துட்டுப் போயிடறேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிரவு நான் ஜெபமாலை சொன்னது பிக்சர் ட்யூபுக்காக. மாதா மன்னிப்பாள்.

மறுநாள் காலை மாமி வீட்டு வாசலில் செருப்பு மட்டுமே பதினைந்து ஜோடி கிடந்தது. ட்யூப் போய்விட்டது, பஞ்சாயத்துக்குக் கூடியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். உள்ளே போனால் டொக், டொக். சிவந்த கண்ணோடு மாமி குமிழைத் திருகிக்கொண்டிருந்தார்.

“வா, வா! ஒருத்தர்கூடக் கண் அசரலை. பன்னெண்டு பேரை ஜெயிச்சிருக்கேன். இதை நீ எடுத்துண்டு போக முடியாது, சொல்லிட்டேன்.”

“என்னத்துக்கு எடுக்கறேன்? ஆனா அடுத்த ஏகாதசி வரைக்கும் இதைப் பரண்ல போட்டுடுவீங்களே மாமி?”

“பரண்லயா? லீவு நாள்ல பகல் பூரா டிவி சும்மாத்தானே கிடக்கு? சாயங்காலம் ஆனா ஆத்து மனுஷாளுக்கு நியூஸ். பகல் எங்களுது.”

அட, முட்டாளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆறு வாரமாகப் பிள்ளைகளைத் தேடி அலைந்திருக்கிறேன்! வாங்க வேண்டியவர்கள் கதவைத் திறந்து, எனக்குத் தண்ணீர் கொடுத்து, “பரீட்சை” என்று சொல்லி அனுப்பிய அம்மாக்கள். அந்தப் பதினைந்து ஜோடிச் செருப்பில் ஐந்து பேர் அன்றைக்கே ஆளுக்கொன்று கேட்டு வாங்கினார்கள். விரதம் முடிக்கிற துவாதசிப் பாரணைக்கு மாமி எனக்கும் இலை போட்டார். அகத்திக்கீரை அவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மீதி இரண்டையும் பாலக்கரையிலேயே விற்றேன், முன்பு துரத்திய வீடுகளில். இந்தத் தடவை மத்தியானம் போனேன், அம்மாக்கள் கையில் குமிழைக் கொடுத்தேன்.

முப்பத்தோராம் தேதி சேஷகிரி சார் வந்தார். காலி அலமாரியைப் பார்த்தார், ரசீதுகளைப் பார்த்தார். “பரவாயில்லையே!” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “ஏஜென்சி லெட்டரை அடிச்சிடலாம். எழுதிக்கம்மா. திருச்சி வட்டாரத்துக்கான எங்கள் ஏஜென்ட்டாக, திரு. விக்டர் அவர்களை...”

கை நின்றது.

“கடை அவர் பேர்லதானேம்மா இருக்கு? கம்பெனியில கேப்பாங்க. உள்ள யார் வேலை பார்த்தா என்ன?”

அண்ணனைப் பார்த்தேன். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இந்தத் தடவை கத்தவில்லை. குனிந்து அடித்தேன். முடித்து, தாளை உருவி, கார்பனோடு அவர் முன்னால் வைத்தேன்.

படித்தவர் கண்ணாடியைக் கழற்றினார். “நான் விக்டர்னுதானே சொன்னேன்?”

“சொன்னீங்க சார். பத்தையும் வித்தவ பேரை அடிச்சிருக்கேன். வேற பேர் வேணும்னா வேற ஆளை வச்சு அடிச்சுக்குங்க. பெட்டியையும் அவங்களே விக்கட்டும்.”

அப்புறம் அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றி சேஷகிரி சாரிடம் நீட்டினான்.

“போடுங்க சார். அவ விட மாட்டா.”

“சீக்கிரம் போடுங்க சார்” என்றேன் நானும். “உத்தர வீதியில இன்னும் மூணு பேர் பெட்டி கேட்டுக் காத்திருக்காங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.”