சிவப்புப் பென்சிலில் இரண்டு எழுத்து

மகளின் பெயருக்கு நேரே, சிவப்புப் பென்சிலில், இரண்டே இரண்டு இங்கிலீஷ் எழுத்து இருந்தது. என்.ஆர்.

பெற்றோர் கூட்டத்தில், வகுப்பு டீச்சர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போன அரை நிமிஷத்தில்தான் அவள் அதைப் பார்த்தாள். வேண்டுமென்று பார்க்கவில்லை. பதினாறு வருஷமாக லாண்டரிக் கடை கவுண்டரில் நின்று, எதிரில் நிற்பவர் கையிலிருக்கும் சீட்டைத் தலைகீழாகவே படித்துப் பழகிய கண் அது. மேஜையின் அந்தப் பக்கம் விரித்துக் கிடந்த பட்டியலும் தானாகப் படிக்க வந்துவிட்டது. நாற்பத்திரண்டு பெயர்கள். ஆறு பேருக்கு மட்டும் சிவப்பு எழுத்து. அந்த ஆறில் ஒன்று அவள் பெற்றது.

டீச்சர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் கேட்டாள். "என் பொண்ணு பேர்கிட்ட என்.ஆர்.னு போட்டிருக்கே டீச்சர், அது என்னது?"

டீச்சர் பட்டியலைச் சட்டென்று மூடினாள். மூடிய வேகம்தான் அவளை முதலில் தைத்தது.

"அதுவா? ஒண்ணுமில்லம்மா. நீட்ஸ் ரிவிஷன். இன்னும் கொஞ்சம் திருப்பிப் படிக்கணும்னு, எங்க ஞாபகத்துக்குப் போட்டு வைக்கிறது."

"நாப்பத்திரண்டு பேர்ல ஆறு பேர்தான் திருப்பிப் படிக்கணுமா?"

"ஐயோ, எல்லாரும்தான் படிக்கணும். பொதுப் பரீட்சை வருஷம் இல்லையா? நீங்க இதையெல்லாம் மனசுல போட்டுக்காதீங்க. ஆபீஸ்ல ஒரு ஃபாரம் தருவாங்க. கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க, போதும்."

அடுத்த பெற்றோர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாயிற்று. அவள் எழுந்தாள். 'மனசுல போட்டுக்காதீங்க' என்று சொன்னால், போட்டுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஆபீஸில் கிளார்க் ஃபாரத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அவரிடமும் கேட்டாள். அவர் தலை நிமிராமலே பதில் சொன்னார். "நாட் ரிசீவ்ட். போட்டோ வரலைன்னு அர்த்தம்."

"போட்டோ போன மாசமே குடுத்தாச்சே சார். நீங்கதான் வாங்கி கவர்ல போட்டீங்க."

"அப்படியா? அப்ப நியூ ரெஜிஸ்டரா இருக்கும். புதுசுல ஏத்தணும்ல."

நகல் எடுக்க வந்து நின்ற டிரில் மாஸ்டர், யாரும் கேட்காமலே உதவிக்கு வந்தார். "நாட் ரெகுலர்மா. லீவு ஜாஸ்தி போட்டா அப்படித்தான் போடுவாங்க."

"இந்த வருஷம் முழுக்க ரெண்டு நாள்தான் சார் லீவு. அதுவும் காய்ச்சல்."

டிரில் மாஸ்டருக்குத் திடீரென்று மெஷினில் காகிதம் சிக்கிக்கொண்டது. கிளார்க் ஃபாரத்தை மடித்து அவள் கையில் திணித்தார். அவள் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசல் வளைவில் பெரிய பலகை: தொடர்ந்து ஒன்பதாவது ஆண்டாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி. சிரிக்கும் பிள்ளைகளின் முகங்கள், தபால்தலை அளவில், வரிசை வரிசையாக.

கடைக்கு வந்து இஸ்திரி போடுகிறவரிடம் சொன்னபோது அவர் ஒரு கோட்டின் தோளை அழுத்திக்கொண்டே கேட்டார். "ரெண்டு எழுத்துக்கு நாலு அப்பனா? நல்லா இருக்கே. பேசாம நீயும் ஒண்ணு சொல்லிட்டு வர வேண்டியதுதானே தங்கச்சி? நம்ம கடையில என்.ஆர்.னா நாட் ரெடி. இன்னும் வேகலைன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கடையின் சீட்டுகளும் அப்படித்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. பழைய கறை என்று முகத்துக்கு நேரே சொன்னால் கோபித்துக்கொள்வார்கள் என்று 'ஓ.எஸ்.' போடுவாள், ஓல்ட் ஸ்டெயின். சண்டைக்கு வருகிறவர்களின் சீட்டு மூலையில் 'கே.பி.' என்று எழுதும் வழக்கம் இஸ்திரிக்காரர் கண்டுபிடித்தது. கத்துற பார்ட்டி. ஒருமுறை அப்படி ஒரு மனிதர் சீட்டைத் திருப்பிப் பார்த்து இது என்ன என்று கேட்டபோது, கண் இமைக்காமல் "கீப் ப்ராப்பர்லி, பத்திரமா வைக்கணும்னு சார்" என்றாள். அவர் போனபிறகு இரண்டு பேரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

யாருக்குத் தெரியக் கூடாதோ அவர் கண்ணெதிரிலேயே எழுதிக்கொள்ளலாம்; சுருக்கி எழுதுவதன் வசதி அதுதான். பதினாறு வருஷமாகக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கு, அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. ஆனால் தன் மேல் வந்த வெட்கம் மற்றவர்கள் மேலிருந்த கோபத்தைக் குறைக்கவில்லை. கறை சட்டையில்தான் இருந்தது. சட்டை பேசாது. அவள் மகள் சட்டையா?

நான்கு மணிக்கு மகள் வழக்கம்போலக் கடைக்கு வந்து, பைகளுக்கு நடுவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். பெயருக்கேற்ற மாதிரி ஓயாமல் பேசும் பெண். இந்த மூன்று வாரமாகப் பேச்சு குறைந்திருந்ததை அவள் கவனித்திருந்தாள். பரீட்சை பயம் என்று தானே ஒரு பெயரையும் வைத்துக்கொண்டாள்.

"சிட்டு, என்.ஆர்.னா என்னடி?"

மகள் ஷூவின் நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். மறுபடி அவிழ்த்தாள்.

"நாட் ரெகமண்டட்."

"என்னதுக்கு?"

"பரீட்சைக்குத்தான். நாங்க ஆறு பேரும் ஸ்கூல் லிஸ்ட்ல போக மாட்டோம். பிரைவேட்டா பணம் கட்டி எழுதணும். அப்ப ஃபெயில் ஆனாலும் ஸ்கூல் கணக்குல வராதில்ல? கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்மா. கடைசி பெஞ்சை என்.ஆர். பெஞ்ச்னுதான் சொல்றாங்க."

"எனக்கு ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ வந்து சண்டை போடுவ."

அவள் பையிலிருந்து ஃபாரத்தை எடுத்தாள். சின்னச் சின்ன இங்கிலீஷ் எழுத்து. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தடுக்கிய இடத்தில் மகள் எடுத்துக் கொடுத்தாள். பெற்றோராகிய நான், என் சொந்த விருப்பத்தின் பேரில், எவருடைய வற்புறுத்தலும் இன்றி, என் பிள்ளையின் பெயரைப் பள்ளிப் பட்டியலிலிருந்து நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சொந்த விருப்பம். அந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது.

கன்னம் காதுவரை சுட்டது. ஒதுக்கியதுகூட அவளை இப்படிச் சுடவில்லை. தள்ளிவிடுவது அவர்கள், நானேதான் குதித்தேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியது அவள். பள்ளிக்கு ஒரு வார்த்தை செலவில்லை. இரண்டு எழுத்து, அதுவும் அழித்துவிடக்கூடிய பென்சிலில். பேனாவால் எழுத வேண்டியது எல்லாம் தாயின் பங்கு. லாரியோடு எங்கோ நெடுஞ்சாலையில் இருந்த கணவனுக்குப் போன் செய்தாள். "பார்த்துப் பேசு, பொண்ணு அங்கதான் படிக்கணும்" என்றான். அடுத்த இரண்டு நாளும் அந்த வாக்கியம் அவளைப் பிடித்து இழுத்தது. அங்கதான் படிக்கணும். இப்படித்தான் ஒவ்வொரு வாயும் அடைபடுகிறது போலிருக்கிறது. யாரும் மிரட்டுவதில்லை. பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே போதும்.

வெள்ளிக்கிழமை காலை இஸ்திரிக்காரரிடம் கவுண்டரை ஒப்படைத்துவிட்டுப் போனாள். மத்தியானம் பன்னிரண்டுக்குப் பட்டியல் தேர்வுத்துறைக்கு அனுப்பப்படும் என்று மகளிடம் கேட்டு வைத்திருந்தாள். ஹெட்மிஸ்டிரஸ் அறையில் கண்ணாடி அலமாரி நிறையக் கேடயங்கள். அந்த அம்மாள் மென்மையாகப் பேசுகிறவர். குரலை உயர்த்தியே பழக்கமில்லாதவரிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்தவுடனே புரிந்தது.

"ஃபாரம் கொண்டுவந்தீங்களாம்மா?"

"கொண்டுவந்தேன் மேடம். ஒரே ஒரு சந்தேகம். நாட் ரெகமண்டட்னு போட்டிருக்கீங்க. யாரு ரெகமண்ட் பண்ணல? ஆளு யாருன்னு சொல்லுங்க."

ஹெட்மிஸ்டிரஸின் பேனா நின்றது. "யாரு சொன்னா உங்களுக்கு?"

"நீங்க யாரும் சொல்லல. ரிவிஷன்னாங்க, ரெஜிஸ்டர்னாங்க, போட்டோன்னாங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுக்கு ஆளுக்கொரு கரண்டி."

"ஆளுன்னு தனியா யாரும் இல்லம்மா. அது ஒரு நடைமுறை. உங்க பொண்ணு நல்லதுக்குத்தான். தனியா எழுதினா அவளுக்கு டென்ஷன் இருக்காது. கூட ஆறு மாசம் டைம் கிடைக்கும்."

"நல்லதுன்னா என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே. நல்ல விஷயத்தை யாராவது ரெண்டு எழுத்துல ஒளிச்சு வைப்பாங்களா?"

"நீங்க உணர்ச்சிவசப்படறீங்க."

"ஆமா. என் பொண்ணு விஷயத்துல நான் உணர்ச்சிவசப்படாம, பக்கத்து வீட்டுக்காரங்களா வந்து படுவாங்க?"

ஃபாரத்தை மேஜையில் குப்புறப் போட்டு, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"இதுல எழுதுங்க மேடம். 'இந்தப் பொண்ணு தேறாதுன்னு நாங்க நினைக்கிறோம். தேறலைன்னா எங்க நூத்துக்கு நூறு போயிடும். அதனால பேரை எடுக்கிறோம்.' சுருக்காம, முழு வார்த்தையா எழுதிக் கீழ உங்க கையெழுத்தைப் போடுங்க. மறுநிமிஷம் முன்பக்கத்துல நான் போடறேன்."

ஹெட்மிஸ்டிரஸ் அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தார். பேனா மூடியைத் திருகினார். ஒரு கணம் அவர் முகத்தில் கோபம் வரவில்லை, களைப்புத்தான் வந்தது. இவருக்கும் மேலே யாரோ ஒருவர் இவர் பெயருக்கு நேரே எதையோ எழுதிக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக இளகிவிடவில்லை.

"ஃபெயில் ஆனா நாளைக்கு எங்களை வந்து கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன். வேணும்னா அதையும் எழுதித் தர்றேன்."

ஹெட்மிஸ்டிரஸ் மேஜை மணியை அடித்தார். கிளார்க் வந்தார். "அந்தப் பேரைச் சேர்த்துடுங்க" என்றார் ஹெட்மிஸ்டிரஸ், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

எழுந்தவள் கதவருகில் திரும்பினாள். "மத்த அஞ்சு பேரு?"

"அவங்க அவங்க விருப்பப்பட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாங்கம்மா."

அவள் கிளார்க்கின் பின்னாலேயே ஆபீஸுக்குப் போனாள். கிளார்க்கின் முதுகுக்குப் பின்னால் நின்று, மகளின் பெயர் திரையில் முப்பத்தேழாவதாக ஏறுவதைப் பார்த்தாள். முப்பத்தேழோடு நின்றுவிட்டது. அந்த ஐந்து தாய்களோ தகப்பன்களோ இங்கேதான், இதே இடத்தில்தான், பேனாவைக் கடன் வாங்கிப் போட்டிருப்பார்கள். நன்றி சார் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். அதை நினைக்க நினைக்க, ஜெயித்த சந்தோஷம் பாதியாயிற்று.

இடைவேளை மணி அடித்திருந்தது. மகள் படிக்கட்டின் கீழே காத்திருந்தாள்.

"சேர்த்துட்டாங்களா?"

"சேர்த்தாச்சு. என் கண்ணால பார்த்தேன்."

மகள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தாள். அது வெளிறியது.

"நீ ஜெயிச்சுட்டம்மா. இனி எழுதப் போறது நான். ஃபெயில் ஆனா, வாசல்ல இருக்கிற ஒன்பது வருஷ போர்டு இவளாலதான் போச்சுன்னு ஸ்கூலே என்னைக் காட்டும். உனக்கு என்ன, நீ கடைக்குப் போயிடுவ."

அவள் மகளின் அருகே நகர்ந்து நின்றாள். இரண்டு நாள், மனசுக்குள் எத்தனை முறை அந்த அறைக்குள் போய்ப் பேசிவிட்டு வந்திருப்பாள்! கொதித்த கொதிப்பில், சொந்த விருப்பம் என்று ஒன்று மகளுக்கும் இருக்கலாம் என்பதை அவளும் கேட்கவில்லை. அவர்கள் கேட்கவில்லை என்று வரிந்து கட்டிக்கொண்டு போனவள்.

"உன்னைக் கேக்காம போனது தப்புதான்," என்றாள். "இப்ப கேக்கறேன். எழுத இஷ்டமா, இல்லையா? இல்லைன்னா இப்பவே உள்ள போய்ச் சொல்லிடறேன். திட்ட மாட்டேன்."

"போம்மா. இவ்ளோ கத்திட்டு வந்து மறுபடியும் போய் வேணாம்னு சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

மகள் அவளை நன்றாகப் பார்த்தாள். விளையாட்டா நிஜமா என்று தேடுகிற பார்வை. பிறகு சுவரில் சாய்ந்தாள்.

"இஷ்டம்தான். ஆனா எனக்குக் கணக்கு வராதும்மா. நிஜமாவே வராது. மத்ததுல எல்லாம் தப்பிச்சுடுவேன்."

"எப்போலேருந்து வரல?"

"ஏழாங்கிளாஸ்லேருந்து."

மூன்று வருஷம். மூன்று வருஷமாக ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்துக்கும் கடையை விட்டுவிட்டு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, 'இன்னும் கொஞ்சம் முயற்சி தேவை' என்ற அதே வரியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். உங்கள் பெண்ணுக்குக் கணக்கு ஏழாம் வகுப்பிலேயே நின்றுவிட்டது என்று ஒரு வாய் சொல்லவில்லை. அவளும் எதில் முயற்சி என்று ஒருநாள் கேட்டதில்லை.

"கணக்கு டீச்சர் இப்ப எங்க இருப்பாங்க?"

"ஐயோ அம்மா, வேணாம்மா!"

"சண்டைக்கு இல்லடி. ஏழாங்கிளாஸ்லேருந்து ஆரம்பிக்கணும்னா யாருகிட்ட, எத்தனை மணிக்கு வரணும்னு கேக்கத்தான். எந்த ரூம்?"

இரண்டு மாடி ஏறினால் கடைசி அறை. அம்மாவைத் தனியாக அனுப்பினால் போகிற வழியில் யார் யாரிடம் என்னென்ன பேசிவிடுவாளோ என்ற பயத்தில், அவளே முன்னால் படியேறினாள்.