வெண்கலப் போர்ட்டர்

பழைய ரயில்வே ஸ்டேஷனை நாகரிகமான சதுக்கமாக மாற்றுகிறார்களாம். மணிக்கூண்டு இருக்குமாம், கருங்கல் தூண்கள் இருக்குமாம். போர்ட்டரும் இருப்பானாம், வெண்கலத்தில்! அந்தச் சிலைக்கு மாதிரியாகத் தலையில் பெட்டியோடு நாள் கணக்கில் நின்றது அங்கேயே போர்ட்டராக இருந்த என் வீட்டுக்காரர்தான். "உங்க ரூமைத் தொடமாட்டோம்" என்று இன்ஜினியர் கொடுத்த வாக்குக்காக நின்றார். எங்கள் படுக்கை, தள்ளுவண்டி, பிழைப்பு எல்லாம் ஸ்டேஷன் ஓரத்து அந்த அறையில்தான். அது போனால் தெருதான் கதி.

ஆற்றைக் கடக்கும்வரைதானே அண்ணன் தம்பி! சிலை வந்து இறங்கியதும் இன்ஜினியர் காவலாட்களோடு வந்து எங்கள் கதவை உடைத்தார்.

என் வீட்டுக்காரர் வாசலை மறித்தார்.

"எம் மூஞ்சிய அங்க நிக்க வெச்சுட்டு, என்னை எங்கய்யா போகச் சொல்ற?"

அந்த மூஞ்சியிலேயே தடி இறங்கியது. பற்கள் ரத்தத்தோடு தரையில் சிதறின. ஒருத்தன் கையைக் கவ்விய நான் எலும்பு தட்டும்வரை விடவில்லை. பாவிகள், விழுந்து கிடந்தவரின் விலாவில் மிதித்தார்கள்.

அதைப் பார்த்த என் கொழுந்தனுக்கு வெறி ஏறிவிட்டது. எங்கள் வாசலுக்கு எதிரே இருந்த சிலையை இன்னும் பீடத்தில் போல்ட் போட்டு முடுக்கவில்லை. கயிறு கட்டித்தான் நிறுத்தியிருந்தார்கள். கயிற்றை அறுத்தான், கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினான்.

"டேய், வேணாம்டா!"

"தள்ளிப் போங்க அண்ணி! ஆளுக்கே இடமில்ல, பொம்மைக்கு எதுக்கு?"

சிலை சாய்ந்தது. காவலாட்கள் சிதறி ஓடினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் எழுந்து அதை நோக்கி ஓடினார்.

போர்ட்டர் புத்தி! சுமை சரிந்தால் அந்த மனுஷனுக்கு விலகத் தெரியாது, அடியில் போய்த் தலையைக் கொடுப்பார். வீட்டில் அலமாரி ஆடினாலும் அதே கதைதான். "இதுதான்யா ஒருநாள் உன்னைக் கொல்லும்" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்!

இரண்டு கைகளாலும் தாங்கினார். ஒரு மூச்சு நேரம் சிலை நின்றது. பிறகு அவர் முழங்கால் மடிந்தது. நெஞ்செலும்பு நொறுங்கியது என் காதில் விழுந்தது.

ஐயோ, என் ராசா!

இன்ஜினியர் ஓடிவந்தார். குனிந்து சிலையின் முகத்தைத் தடவிப் பார்த்தார்.

"நல்லவேளை, ஒரு கீறல்கூட இல்ல."

கொழுந்தன் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கினேன். முதல் அடியை எங்களுக்கு வாக்குக் கொடுத்த வாயிலேயே போட்டேன்.