கத்தாத டைரக்டர்

வெண்டல் பிரூயிட்டுக்கு "ஆக்‌ஷன்" என்று கத்தத் தெரியாது. "கட்" என்றும் கத்தமாட்டார். நடிகர் பக்கத்தில் போய் "தோணும்போது ஆரம்பிங்க" என்பார். முடிந்ததும் "சரி, சரி" என்று முணுமுணுப்பார். அவர் எழுதி இயக்கிய முதல் படம் வந்தபோது பத்திரிகைக்காரர்கள் இதையே தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். இரண்டாவது படம் மண்ணைக் கவ்வியது. அதன்பிறகு பத்து வருடத்துக்கு மேல் அடுத்தவன் கதைக்கு வசனம் திருத்திக் கொடுத்தே காலம் தள்ளினார். இந்த ஊரில் ஒரு படம் தோற்றால் போன் அடிப்பது நின்றுவிடும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவருக்கு எங்கள் தொலைக்காட்சித் தொடரில் ஒரே ஒரு எபிசோட் கிடைத்தது. கொடுத்தவள் டெல்ஃபின் ரக்கெர்ட். தொடரின் எழுத்து, தயாரிப்பு எல்லாம் அவள் கையில். "பாக்கலாம்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். சொதப்பினால் மனுஷனை இனி எவனும் கூப்பிடமாட்டான் என்பது லாஸ் ஏஞ்சலஸில் காபி ஊற்றுகிறவனுக்குக்கூடத் தெரியும். நான் முதல் உதவி இயக்குநர், பெயர் கோனி. என் வேலையே கடிகாரத்தைப் பார்ப்பதும் கத்துவதும்தான். அவருக்கும் சேர்த்து நானே கத்துகிறேன் என்றேன். கேட்டாரா? "வேண்டாம் கோனி, லோர்னா பதறிடுவா" என்று வாயை அடைத்துவிட்டார்.

லோர்னா டில்மன் எழுபதைத் தாண்டிய நாடக நடிகை. அந்த எபிசோடின் உயிரே அவள் காட்சிதான். படப்பிடிப்பு பக்கத்து பசடேனாவில், ஒரு வீட்டுச் சமையலறையில். வருடக்கணக்கில் பேசாமலிருந்த மகனிடம் தாய் மன்னிப்புக் கேட்கிறாள். மகனாக நடித்தவனின் பக்கத்தைக் காலையிலேயே எடுத்து அவனை அனுப்பியாயிற்று. மதியத்துக்கு லோர்னாவின் முகம் மட்டும் பாக்கி. குறுகலான இடம், ஒரே கேமரா. ஐந்தாறு முறை எடுத்தோம். நன்றாகத்தான் வந்தது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு நூல் அதிகமாகவே நடித்தாள். கடைசியில் வெண்டல் "போதும்மா, அருமை" என்றார். மறுநாள் நியூயார்க்கில் அவளுடைய நாடகம் ஆரம்பம் என்பதால் அப்படியே விமானத்துக்கு அனுப்பிவிட்டு, வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தோம்.

அப்போதுதான் கேமராக்காரன் கஸ் பெட்ராகிஸ் வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"கோனி, ஒரு நிமிஷம் இப்படி வா."

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"லோர்னா நடிச்சது எதுவுமே பதிவாகல."

"என்ன உளர்ற?"

"அவ சும்மா வசனத்தை முணுமுணுத்தப்பவே, ஆரம்பிச்சிட்டாங்கன்னு பதிவுப் பொத்தானை அமுக்கிட்டேன். நிஜமா ஆரம்பிச்சப்போ மறுபடி அமுக்கினேன், அதுல நின்னுபோச்சு. அப்புறம் பூரா தலைகீழ்தான். அவ நடிச்சா நிக்குது, நிறுத்தினா ஓடுது."

மானிட்டரில் படம் எப்போதும் தெரிந்துகொண்டுதான் இருக்கும். பதிவாகிறது என்பதற்கு ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அதை எவன் பார்த்தான்? அவனை நாலு அறை விடலாமா என்றிருந்தது. பாவி, அதற்குள் அவன் கண்ணே கலங்கிவிட்டது.

வெண்டலிடம் சொன்னோம். மனுஷன் அப்போதும் கத்தவில்லை. சாமான் ஏற்ற நின்ற லாரியின் படியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பதிவானதைப் போடு, கஸ்."

"அதுல ஒண்ணும் இருக்காது, மேக்கப்பும் அரட்டையும்தான்."

"போடேன்பா."

போட்டான். லோர்னாவின் முகம். மேக்கப் பெண்ணின் கை குறுக்கே வந்து போனது. பிறகு லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து வெண்டலின் குரல், மகனுடைய வசனத்தைச் சும்மா பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது. அவளும் சும்மா பேசுகிற மாதிரியே பதில் சொன்னாள். மைக் அவள் சட்டைக்குள்ளேயே இருந்ததால் ஒரு சொல் விடாமல் கேட்டது. ஒவ்வொரு இடைவேளையிலும் இதே வேலை நடந்திருக்கிறது. நானோ அப்போதெல்லாம் தெருவில், பக்கத்து வீட்டில் காய்ந்த இலையை மெஷினால் ஊதிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"உன்கிட்ட எப்படிக் கேக்கணும்னு எனக்குத் தெரியலடா" என்று சொல்லிவிட்டு லோர்னா தன் கையைப் பார்த்தாள். துளி நடிப்பில்லை.

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?" என்று வெண்டலிடம் கேட்டேன்.

"அவ படபடப்பு அடங்கட்டும்னுதான். இது ஓடுதுன்னு எனக்கென்ன தெரியும்?"

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். டெல்ஃபின்! எப்போது வந்து நின்றாளோ. மறுபடி போடச் சொல்லி முழுவதும் பார்த்தாள். பிறகு வெண்டல் பக்கம் திரும்பினாள்.

"பிரமாதம்! அவளுக்குத் தெரியாம ஒத்திகையை எடுக்கணும்னு யாரோட ஐடியா? உங்களோடதா?"

நான் வெண்டலின் காலை மிதித்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தலைதப்பிவிடும். கஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐடியாவெல்லாம் இல்ல, டெல்ஃபின்" என்றார் வெண்டல். "தப்பு நடந்துபோச்சு. நான் உரக்கச் சொல்லாததால எது ஆரம்பம், எது முடிவுன்னு கஸ்ஸுக்குப் புரியல. தப்பு என்னோடது. ஒழுங்கா எடுத்தது ஒண்ணுகூட இல்ல, கையில இருக்கிறது இதுதான்."

பிழைக்கத் தெரியாத மனுஷன்! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. டெல்ஃபின் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"லோர்னாகிட்ட விஷயத்தைச் சொல்லி சம்மதம் வாங்குங்க" என்றாள் ஒருவழியாக. "அவ சரின்னா இதையே வச்சுக்கலாம். சீசனோட கடைசி எபிசோடையும் நீங்களே எடுங்க. ஆனா ஒண்ணு, அடுத்த தடவை நீங்க 'கட்'னு சொன்னா தெருமுனை வரைக்கும் கேக்கணும்."

அப்பாடா! கஸ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவனை அறைய நினைத்ததே எனக்கு மறந்துபோனது. விமான நிலையத்திலிருந்த லோர்னா விஷயத்தைப் போனில் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்போ நான் நடிச்சது குப்பைன்றீங்க? தாராளமா வச்சுக்கோங்க" என்றாள்.

வெண்டல் தன் மனைவி நடீனுக்கு போன் போட்டார். அவள் எடுத்ததும் அவருக்குக் குரலே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. போனை என் கையில் திணித்தார்.

"நடீன், நான் கோனி."

"என்னாச்சு? போச்சா?" என்றாள், கெட்ட செய்திக்கு எப்போதோ தயாராகிவிட்டவள் போல.

"போகலம்மா. இன்னொண்ணும் கொடுத்திருக்காங்க."

அவள் வீடு அதிரும்படி ஒரு கூச்சல் போட்டாள். வெண்டலுக்குக் கேட்கட்டும் என்று போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.