தடக்கென்று ஒரு சத்தம்

எட்வின் ராயப்பன்பட்டிக்காரன். சொந்தமாக ஜீப் வைத்து ஓட்டுகிறவன். விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு மலைச்சாலை வழியாகக் கேரளத்துத் தோட்டங்களில் இறக்கிவிடுவான். சாயங்காலம் திரும்ப அழைத்து வருவான். வழியில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று அவனுக்குப் பேர் இருந்தது.

போன ஐப்பசியில் ஒரு நாள், மூடுபனிக்குள் வளைவு ஏறும்போது பின்சக்கரம் தடக்கென்று எதன்மீதோ ஏறி இறங்கியது. குழிதான். அது அவனுக்கே தெரிந்தது. ஆனால் கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு கேள்வி நெஞ்சைப் பிடித்தது. ஆளாக இருந்தால்?

பெண்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்து பார்த்தான். குழிதான் கிடந்தது. நிம்மதியாக வண்டியை எடுத்தான். அந்த நிம்மதி அடுத்த வளைவு வரைக்கும்கூட நிற்கவில்லை. அடிபட்டவன் உருண்டு பள்ளத்தில் விழுந்திருந்தால்? மறுபடியும் போய், உண்ணிச்செடிப் புதருக்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். செருப்பு ஏதாவது கிடக்கிறதா, ரத்தம் தெரிகிறதா என்று தேடினான்.

அதிலிருந்து எந்தக் குழியும் அவனுக்கு வெறும் குழியாக இல்லை. வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத்துணியை நனைத்து நான்கு சக்கரங்களையும் துடைப்பான். தோட்டத்துச் செம்மண் துணியில் சிவப்பாக ஒட்டினால், ரத்தமோ என்று மோந்து பார்ப்பான். காலையில் பேப்பரில் விபத்துச் செய்திகளைத் தேடுவான். மலையிலிருந்து மனைவி கிளாராவுக்குப் போன் போட்டு, "நான் யாரையும் அடிச்சிருக்க மாட்டேன்ல?" என்பான்.

"நீங்க எங்கங்க அடிக்கப் போறீக?" என்று அவள் சிரிப்பாள். முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தாள். போகப் போக அவன் சோறு தின்பது குறைந்தது. கோயிலில் பூசை நடக்கும்போதே எழுந்து வெளியே போய் ஜீப்பின் அடியில் குனிந்து பார்த்தான். அவளுக்கும் பயம் தொற்றிக்கொண்டது.

மார்கழியில் ஒரு காலை. ஜீப் நிறையப் பெண்கள். முன்சீட்டில் பொன்னாத்தாள், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே என்ன வருகிறது என்று தெரியாத பனி. தடக். எட்வின் கொஞ்ச தூரம் பல்லைக் கடித்துக்கொண்டு போனான். முடியவில்லை. வளைவிலேயே நிறுத்தி ரிவர்ஸ் எடுத்தான்.

"ஏலே, என்னடா பண்ற?" என்றாள் பொன்னாத்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. டயர் என்னமோ மாதிரி இருக்கு."

அந்த நேரம் கீழிருந்து லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே ஏறி வந்தது. அவன் ஒடித்துத் திருப்ப, பின்சக்கரம் தார்ச்சாலையை விட்டு இறங்கி, பள்ளத்து விளிம்பில் மண்ணைச் சறுக்கிக்கொண்டு நின்றது. பெண்கள் அலறியடித்துக் குதித்தார்கள். இடித்துவிடும் தூரத்தில் லாரி நின்றது. பொன்னாத்தாளின் வாளி உருண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தது. அடியில் மோதிய சத்தம் வர வெகுநேரம் ஆனது.

எட்வின் அப்போதும் சாலையின் பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அங்கன யாராச்சும் விழுந்து கெடக்காகளா? பாருங்கக்கா."

பொன்னாத்தாள் அவன் முகத்தைப் பார்த்தாள். வாயில் வந்த வசவை விழுங்கிவிட்டாள். "இல்லாத பொணத்தத் தேடப்போயி உசுரோட இருக்கிற எங்களக் கொல்லப் பாத்தியேடா," என்றாள்.

அன்று சாயங்காலமே அவள் கிளாராவிடம் வந்து நடந்ததைச் சொன்னாள். மறுநாள் கிளாரா அவனைத் தேனிக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள்.

மனநல டாக்டர் பொறுமையாகக் கேட்டார். ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து ஆட்டிவைக்கிற இந்த நோய்க்கு ஓ.சி.டி. என்று பேர், நிறையப் பேருக்கு வருகிறது என்று சொல்லி மாத்திரை எழுதினார். பிறகு ஆலோசகர் ஷீபாவிடம் அனுப்பினார்.

"திரும்பிப் போய்ப் பாத்தா என்ன ஆகுது?" என்று ஷீபா கேட்டாள்.

"நிம்மதி ஆகுது."

"எவ்வளவு நேரத்துக்கு?"

எட்வின் தலைகுனிந்தான். "அடுத்த குழி வர்ற வரைக்கும்."

"ஒவ்வொரு தடவை போய்ப் பாக்குறப்பவும் அந்தப் பயத்துக்கு நீங்களே சோறு போடுறீங்கண்ணே. இனிமே கண்ணுல பட்டா நிறுத்துங்க. மனசுல மட்டும் பட்டா ஓட்டிக்கிட்டே இருங்க."

"நெசமாவே அடிச்சிருந்தா?"

"அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கும் கேப்பீங்க." அவள் கிளாராவிடம் திரும்பினாள். "நீங்களும் சொல்லக் கூடாதுக்கா."

சவாரியை நிறுத்திவிட்டுச் சில வாரம் காலி ஜீப்பில் பழகினான். பக்கத்தில் கிளாரா உட்கார்ந்திருக்க, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள மேடுபள்ளச் சாலையில் வேண்டுமென்றே குழிகளில் ஏற்றி இறக்கினான். திரும்பக் கூடாது. கேட்கவும் கூடாது. ஒருநாள் தாங்காமல், "ஒரு தடவ சொல்லு கிளாரா, அடிக்கலைன்னு சொல்லு," என்று அழுதான். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சொல்லவில்லை.

மாசியில் டாக்டர் சரி என்ற பிறகு மலைக்குப் போனான். பொன்னாத்தாள்தான் முதலில் ஏறினாள். மற்றவர்கள் அவளைப் பார்த்து ஏறினார்கள்.

முதல் சில நாள் பனி இல்லை. பிறகு ஒரு காலை வெள்ளையாக இறங்கியது. மேல்வளைவில் தடக்கென்று ஒரு சத்தம். குழிச்சத்தம் மாதிரி இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. மெத்தென்று இருந்தது. கண்ணாடியில் பார்த்தான். பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வண்டியில் யாரும் அசையவில்லை. முதுகில் வேர்வை இறங்கியது. கிழவியோ, குழந்தையோ, இந்நேரம் சாலையில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கலாம். போகிறாயே, பாவி, போகிறாயே என்றது மனம். கால் தானாகப் பிரேக்கைத் தேடியது.

"அக்கா..." என்று தொடங்கினான்.

பொன்னாத்தாள் திரும்பினாள். "என்னலே?"

"ஒண்ணுமில்ல," என்று சொல்லி கியரை மாற்றினான்.

கம்பம்மெட்டுச் செக்போஸ்ட்டில் ஒரு போலீஸ்காரர் கையைத் தூக்கினார். தன்னைப் பிடிக்கத்தான் என்று எட்வின் முடிவுகட்டிவிட்டான். அவர் முன்னால் நின்ற காரை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, இவனைப் போகச் சொன்னார்.

தோட்டத்தில் பெண்களை இறக்கிவிட்டு ஏலச்செடி ஓரமாக உட்கார்ந்தான். செல்போனை எடுத்தான். கிளாராவின் பெயர் வரை போனான். வைத்துவிட்டான். மறுபடி எடுத்தான். பயம் குறையவில்லை, இன்னும் ஏறியது. வாந்தி எடுத்தான். பனி விலகி வெயில் வந்தது. செடிகளுக்குள் பெண்கள் யாரையோ கேலி செய்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அதை அவன் காது கேட்டுக்கொண்டிருந்தது என்பதே அவனுக்குப் பிறகுதான் உறைத்தது. மத்தியானம் பசித்தது. பயம் போகவில்லை. ஆனால் பயத்தோடு உட்கார்ந்து சாப்பிட முடிந்தது.

சாயங்காலம் அதே வளைவில் இறங்கும்போது வேகத்தைக் குறைத்தான். நிறுத்தவில்லை. குறைத்ததே தப்புதான் என்று அடுத்த வாரம் ஷீபாவிடம் தானாகவே சொன்னான்.

இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறான். சில நாள் துணியை எடுத்துக்கொண்டு ஜீப் வரை போய்விடுகிறான். சில நாள் துடைத்தும்விடுகிறான். மற்ற நாட்களில் திரும்பி வந்து கிளாராவோடு உட்கார்ந்துகொள்கிறான். அன்று மேல்வளைவில் சக்கரம் எதன்மீது ஏறியது என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமலே மறுநாள் காலை சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.