ஒரே பீரோ, இரண்டு ஆபீஸ்

பாத்திரம் விழுந்தால் ஒரு மாதிரி கேட்கும். ஆள் விழுந்தால் வேறு மாதிரி. அன்று காலை மாடி வீட்டில் விழுந்தது ஆள். அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். உதவத்தான், வேறெதற்கு?

மாடியில் இருப்பது அக்காவும் தங்கையும் மட்டும். இருவருக்கும் ஒரே உயரம், ஒரே உடம்பு, ஒரே பீரோ. பழைய துணிக் கடையில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய வெள்ளை, நீலம், சாம்பல் நிறச் சட்டைகள், கறுப்பு பேண்ட் இரண்டு, கறுப்புக் கோட்டு ஒன்று. எதை எதோடு போட்டாலும் பொருந்தும். முதலில் குளித்துவிட்டு வருகிறவள் விரும்பியதை எடுப்பாள், மிச்சம் மற்றவளுக்கு. ஆபீஸ்கள் ஊரின் இரண்டு கோடியில் இருந்ததால் குட்டு உடையவில்லை. "தினம் ஒண்ணு போட்டு அசத்துறீங்களே" என்று பெரியவளை அவள் ஆபீசில் புகழ்வார்களாம். அவளாகவே சொன்னாள். சரி, நான் கேட்டுத்தான் சொன்னாள்.

இந்த ஏற்பாட்டுக்குச் சின்னவள் வேட்டு வைத்தாள். அக்காவிடம் மூச்சு விடாமல் அக்காவின் ஆபீசுக்கே விண்ணப்பம் போட்டு, அன்று நேர்காணலுக்குக் கிளம்பி நின்றாள். உடம்பில் வெள்ளைச் சட்டை. அதன் மேல், முந்தின நாள் அக்கா போட்டுப் போன அதே கோட்டு.

நான் கதவைத் தள்ளியபோது, தரையிலிருந்து எழுந்த தங்கையின் முடியைக் கையில் சுற்றி, தலையைப் பீரோவில் மோதிக்கொண்டிருந்தாள் பெரியவள்.

"கழட்டுடீ! நேத்து என் மேல பாத்த கோட்டை இன்னிக்கு உன் மேல பாத்தா ஆபீசே சிரிக்கும்! என் மானம் போயிடும்!"

"உன் மானத்தை நீயே கட்டிட்டு அழு! எங்க முதலாளி ஸ்டேப்ளரை எறிஞ்சு என் தாடையைக் கிழிச்சானே, அப்ப என்ன சொன்ன? பொறுத்துக்கோன்னு சொன்னியே! இன்னிக்குப் போகலைன்னா அங்கேயேதான் சாகணும்!"

"விடுங்கடீ, பிசாசுங்களா!" என்று நடுவில் கையை நுழைத்தேன். யாரோ கடித்தார்கள். அது யார் பல் என்பதை இன்றுவரை இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

பெரியவள் இழுத்த இழுப்பில் கோட்டின் கை தோளோடு பிய்ந்து வந்தது. சின்னவள் அதைப் பார்த்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அக்காவின் நெற்றியில் போட்டாள். சூடு ஆறியிருந்தது, அந்த மட்டும் பிழைத்தாள். கனம் ஆறுமா? புருவம் பிளந்து, ரத்தம் பெரியவளின் நீலச் சட்டையில் வழிந்து, எதிரே நின்றவளின் வெள்ளைச் சட்டையிலும் தெறித்தது.

சின்னவள் வெள்ளையைக் கழற்றி எறிந்துவிட்டு, கொடியில் ஈரமாகத் தொங்கிய சாம்பல் சட்டையை உருவி மாட்டினாள். பெரியவள் தரையில் கிடந்தபடியே அவள் காலைப் பிடித்தாள். சின்னவள் அந்தக் கையை மிதித்துவிட்டுப் படியிறங்கினாள்.

பெரியவளைத் தையல் போடக் கூட்டிப்போனது நான்தான். டாக்டர் கேட்டதற்கு, "பீரோ கதவு இடிச்சிடுச்சு" என்றாள். அவர் என் கையிலிருந்த பல் தடத்தைப் பார்த்தார். "அதுக்கும் அதே பீரோதான்" என்றேன்.

சாயங்காலம் சின்னவள் திரும்பினாள். முகத்தில் நகக் கீறல்; சட்டை உடம்பிலேயே காய்ந்திருந்தது.

"வேலை கிடைச்சிடுச்சு. நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க."

பெரியவள் புருவத்துத் தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்க. யாருமில்லைன்னுட்டேன். உன் மானம் பத்திரமா இருக்கு, போதுமா?"

பெரியவள் நிதானமாக எழுந்து வந்து, கன்னம் பழுக்க ஒரு அறை விட்டாள். விட்ட வேகத்தில் அவள் தையலே கசிந்தது.

"யாருமில்லையா? நான் செத்தாடீ போயிட்டேன்?"

"நீதானே காலையில..."

"நான் ஆயிரம் சொல்வேன்! நீ எப்படிச் சொல்லலாம்?"

சின்னவள் திருப்பி அறைந்தாள். பெரியவள் ரத்தக்கறை பட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து அவள் முகத்தில் வீசினாள்.

"இனிமே வெள்ளை உனக்கு, நீலம் எனக்கு. நீ வரவழைச்ச ரத்தம், நீயே துவை!"

"உன் உடம்பு ரத்தம். நீ துவை!"

மறுபடி முடியைப் பிடித்துக்கொண்டார்கள். இம்முறை நான் நடுவில் போகவில்லை. நாளை எத்தனை மணி பஸ்ஸில் யார் போவது என்பதைத்தான் அடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.